மண்டையில் தட்டும் காக்காய்: கூட்டைப் பிரிக்காதீர்கள், பத்து நாள் பொறுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. காங்கேயத்துக்குப் பக்கத்துல இருக்கறோம். ஊட்டுக்குப் பின்னால கொப்பரைக் களம் இருக்குதுங்க. மாமனார் தவறினதுக்கப்புறம் அமாவாசைக்கு மட்டும் காக்காய்க்குச் சோறு வெச்சிட்டிருந்தோம். ரெண்டு வருசமா தெனமும் வெக்கறேன். மொதல்ல நாலு வந்துச்சு, இப்ப நாப்பது வருது. பக்கத்து ஊட்டு அக்கா, காரு மேலயெல்லாம் எச்சம்னு சண்டைக்கு வர்றாங்க. பத்து நாளா வாசல் வேப்பமரத்துக்கிட்ட போனாலே மண்டையில வந்து தட்டுதுங்க. எட்டாவது படிக்கற பையன் சைக்கிள எடுக்கவே பயப்படறான். மாமியாரு, சனி புடிச்சிருச்சு, எள்ளுச்சோறு வெக்கோணும்ங்கறாங்க. ஊட்டுக்காரரு கூட்டப் பிரிச்சுப் போட்டறலாம்ங்கறார். நேத்து ஒரு குஞ்சு மோட்டார் ரூம் ஓரமா வந்து கெடக்குது, பறக்க மாட்டேங்குது. தெனமும் வர்றதுல ஒண்ணு கால்ல நூல் சுத்தி நொண்டுது. சோறு வெக்கறத நிறுத்தோணுங்களா? என்ன பண்றதுங்க?

பதில்: வணக்கமுங்க. முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லி ஏணியை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். பாவ புண்ணியப் பேச்சே வேண்டாம், வெறும் நாள் கணக்கைப் பார்த்தாலும் கூட்டைப் பிரிப்பது உங்களுக்குத்தான் நட்டம்.

ஊர்க்காக்கை 3 முதல் 5 முட்டை வரை இடும். அடைகாத்துப் பொரிக்க 16, 17 நாள். அதன்பின் குஞ்சு 3 முதல் 4 வாரம் கூட்டில் இருக்கும். கூட்டைவிட்டு இறங்கிய பிறகும் நன்றாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தாயும் தகப்பனும் மனிதர் தலையில் தட்டுவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். உங்கள் வீட்டில் குஞ்சு தரைக்கே வந்துவிட்டது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஏறக்குறைய பத்து நாள். இப்போது கூட்டைப் பிரித்தால் அந்தச் சோடி அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ மறுபடி குச்சி பொறுக்க ஆரம்பிக்கக்கூடும். கூடு கட்டுவது, முட்டை, அடை, குஞ்சு என்று கணக்கு முதலிலிருந்து ஓடும். பத்து நாளில் முடிகிற தொல்லையை ஒன்றரை மாதத்துக்கும் மேலாக இழுத்துக்கொள்வீர்கள்.

இந்தப் பத்து நாளைக் கடத்துவது எப்படி? காகம் முன்னால் வந்து மோதுவது அபூர்வம். பின்பக்கமாகத் தாழ்ந்து வந்து, உச்சந்தலையைக் காலால் உரசிவிட்டுப் போகும். அதனால் குடைதான் சரியான மருந்து. மழை வெயில் பார்க்காமல் வாசலைத் தாண்டும்வரை விரித்துப் பிடியுங்கள். ஓடக் கூடாது, கையை வீசக் கூடாது. இரண்டையும் அது துரத்த வேண்டிய அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளும். சைக்கிளை மரத்தடியில் ஏறி மிதிக்காமல், ஒரு கையில் குடையும் மறுகையில் சைக்கிளுமாகத் தள்ளிக்கொண்டு போய் 20, 30 மீட்டர் தாண்டி ஏறச் சொல்லுங்கள். களத்துப் பக்கம் வேறு வழி இருந்தால் அதுவே மேல். கூட்டையோ குஞ்சையோ அண்ணாந்து உற்றுப் பார்ப்பதையும் தவிருங்கள். தட்டி, நகம் கீறி ரத்தம் வந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, டிடி ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

ஒரு சந்தேகம். எல்லோரையும் தட்டுகிறதா, பையனைக் குறிவைத்துத் தட்டுகிறதா? அவனை மட்டும் என்றால், உண்டிவில்லோ கல்லோ எடுத்தானா என்று அதட்டாமல் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, பிறகு பறக்க விட்டார்கள். அதற்கப்புறம் பல வருடம் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. பிடிபடாதவையும் சேர்ந்துகொண்டன. அது வேறு இனம்தான். ஆனாலும் களத்தில் காக்காய் விரட்டுகிற ஆட்களைக் கேளுங்கள், கல்லெடுத்தவன் வந்தால் மட்டும் எழுந்து கத்துகிற கதையை அவர்களே சொல்வார்கள். பையன் எடுத்திருந்தாலும் பெரிய குற்றமில்லை. இனி எடுக்காமல் இருந்து, கொஞ்ச நாள் தொப்பியோ குடையோ வைத்துக்கொள்ளட்டும். சட்டமும் இப்போது மாறியிருக்கிறது: 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காகத்தை எலியோடு சேர்த்துத் தொல்லை தரும் உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது.

மாமியார் சொல்லும் எள்ளுச்சோறு பற்றி: தாராளமாக வைக்கட்டும். உப்புப் போடாமல் ஒரு கைப்பிடி வைத்தால் எள்ளால் காக்காய்க்கு ஒரு கெடுதலும் இல்லை. காகம் சனி பகவானின் வாகனம் என்பது அவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தலையில் தட்டியதற்குக் காரணம் மோட்டார் ரூம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது பறந்து போனதும் இதுவும் நின்றுவிடும்.

அந்தக் குஞ்சுக்கு வருவோம். கீழே கிடக்கும் குஞ்சை எல்லாம் எடுத்து வளர்க்கத் தேவையில்லை. முதலில் அதன் உடம்பைப் பாருங்கள். தோல் தெரிகிறது, இறகுக் குருத்து மட்டும் முளைத்திருக்கிறது என்றால் கூட்டிலிருந்து தவறி விழுந்தது. உடம்பு முழுக்க இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, வாயோரம் இளஞ்சிவப்பாக, தத்தித் தத்தி நடக்கிறது என்றால் பறக்கப் பழக இறங்கியது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது வகை. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது நாயைக் கட்டிவைப்பதும் பூனையை விரட்டுவதும்தான். நடுவாசலில் நின்றால் மட்டும், மேலே துண்டைப் போட்டு இரண்டு கையாலும் பொத்தி எடுத்து, பக்கத்திலேயே ஆளுயரக் கிளையிலோ சுவரின் மேலோ வைத்துவிட்டு உடனே விலகிவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பது வெறும் பேச்சு. குஞ்சு கத்துகிற சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தால் போதும், தாய் வந்து ஊட்டும்.

இறகில்லாத குஞ்சாக இருந்தால் வேலை கொஞ்சம் அதிகம். கூடு எட்டினால் திரும்ப அதிலேயே வையுங்கள். எட்டாவிட்டால் ஒரு சாண் அகலமுள்ள மூங்கில் கூடையோ பழைய பூக்கூடையோ எடுங்கள். பிளாஸ்டிக் டப்பா என்றால் அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டாக வேண்டும், மழைத் தண்ணீர் நின்றால் குஞ்சு விறைத்துப்போகும். அடியில் தேங்காய் நாரை நான்கு விரல் கனத்துக்கு அமுக்கி நடுவில் குழி செய்யுங்கள். பஞ்சு வேண்டாம், நகத்தில் சிக்கும். கூடு இருக்கிற மரத்திலேயே, 8 முதல் 10 அடி உயரத்தில், நிழலான கவட்டையில் இரண்டு இடத்தில் கயிறு போட்டு ஆடாமல் கட்டுங்கள். குஞ்சை வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து சன்னல் வழியாக இரண்டு மணி நேரம் கவனியுங்கள். தாய் வந்து ஊட்டினால் உங்கள் வேலை முடிந்தது.

எது நடந்தாலும் குஞ்சின் வாயில் தண்ணீரையோ பாலையோ சொட்டு விடாதீர்கள். நாக்கின் பின்முனையிலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கும். சொட்டுத் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். காப்பாற்ற எடுத்த குஞ்சுகள் வீட்டில் செத்துப்போவதில் பாதி இந்தப் பாசத்தால்தான் என்று சொல்லத் தோன்றும்.

இன்னொன்றும் பாருங்கள், அது காகக் குஞ்சுதானா? குயில் காகத்தின் கூட்டில் முட்டை வைக்கும் பருவமும் இதுதான். காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். காகத்துக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. குயிலுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பெட்டைக் குயில் குஞ்சுக்கு உடம்பெல்லாம் வெளிறிய புள்ளி இருக்கும். ஆண் குஞ்சு கறுப்பாகவே இருப்பதால் விரலை எண்ணினால்தான் பிடிபடும். குயிலாக இருந்தாலும் சொன்னது எதுவும் மாறாது, காகம்தான் ஊட்டும், அதற்காகவும் உங்கள் மண்டையில் தட்டும்.

உங்கள் பக்கம் வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிடும். காங்கேயம், பல்லடம், தாராபுரம் எல்லாம் அந்தக் காற்று நேராக அடிக்கிற நிலம். தாமதமாகக் கட்டிய கூடுகள் ஆடிக் காற்றில் ஆட்டம் காணும், தென்னை உச்சியில் இருப்பவை சீக்கிரம் கலையும். ஆகவே இந்த ஆண்டு இன்னும் ஒன்றிரண்டு குஞ்சு விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கூடையும் நாரும் தயாராக இருக்கட்டும்.

நூல் சுற்றிய காக்காய்க்கு அவசரப்படக் கூடாது. பறக்கிறது, மற்றவற்றோடு போட்டியிட்டு எடுத்துத் தின்கிறது என்றால் பிடிக்க முயற்சி செய்யாதீர்கள். துரத்துகிற துரத்தலில் நூல் இன்னும் இறுகும், மற்ற காகங்களும் உங்களை நினைவில் வைக்கும். கால் வீங்கி, விரல் கறுத்து, பறக்க முடியாமல் தரையில் தங்க ஆரம்பித்தால்தான் பிடிக்க வேண்டும். பொழுது சாய்கிற நேரம், வெளிச்சம் குறைந்த பிறகு, கதர்த்துண்டு மாதிரிக் கனமான துணியை முழு உடம்பும் மூடுகிறபடி போடுங்கள். பிடிப்பவர் முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது நல்லது, அவர் தினமும் அந்த வாசலில் நடக்க வேண்டியவர் அல்லவா. தலை மூடியே இருக்கட்டும், இருட்டில் காகம் அடங்கும். அலகைக் கண்ணுக்கு நேரே கொண்டுவராதீர்கள்.

நூலைப் பிடித்து இழுத்து அவிழ்க்கவே கூடாது. சதைக்குள் பதிந்திருந்தால் தோலோடு வரும். நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியின் முனையை நூலுக்கும் தோலுக்கும் நடுவில் பட்டையாக நுழைத்து, ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுங்கள். நைலான் நூலும் தையல் நூலும் இறுகிய இடத்துக்குக் கீழே விரல் குளிர்ந்து உலர்ந்திருந்தால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. அட்டைப்பெட்டியில் பக்கத்துக்கு நாலு ஓட்டை போட்டு, அடியில் சாக்கு விரித்து, மூடி, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே கை விரித்தால் உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சரியானதும் பிடித்த அதே இடத்தில் விடவும். ஒரு கால் விரல் போன காகம் நன்றாகவே பிழைக்கும். திருப்பூர் மாவட்டத்தில் பனியன் கழிவு நூலும் எலாஸ்டிக்கும் கிடக்காத குப்பைமேடு உண்டா? உங்கள் வாசலில் கிடப்பதையாவது பொறுக்கிப் போடுங்கள்.

இனி, சோறு. நிறுத்த வேண்டாம், குறையுங்கள். நாற்பது காகத்துக்கும் வயிறு நிரப்புவது உங்கள் பொறுப்பில்லை. நீங்கள் ஒருநாள் வைக்காவிட்டால் எதுவும் பட்டினி கிடக்காது. நாற்பது காகம் ஒரே வாசலில் தங்கினால் செடியில் கட்டுகிற தேன்சிட்டு, கொண்டைக்குருவிக் கூடுகளில் முட்டையும் குஞ்சும் தப்புவது கடினம். மிஞ்சிய சோறு ராத்திரி எலிக்குப் போகும். எலி வந்த களத்துக்குப் பாம்பும் வரும். இதெல்லாம் சோற்றின் அளவைப் பொறுத்தது.

அளவு: ஒரு கைப்பிடி வெறும் சோறு. குஞ்சு இருக்கும் இந்த மாதத்தில் அதோடு வேகவைத்த முட்டையில் கால் பாகம், முட்டை ஓடும் நொறுக்கிச் சேர்த்து. குஞ்சுக்கு வேண்டியது புரதமும் சுண்ணச்சத்தும். அரிசியில் இரண்டும் போதாது. பூச்சி புழுவைத் தாய் தானே தேடிக்கொள்ளும். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினால் அதில் உப்பும் எண்ணெயும் சேர்ந்துவிடும், ஆகவே ஒரு பிடி அரிசியைத் தனியாக வேகவையுங்கள். ஊறுகாய் தொட்டது, மிக்சர், அப்பளம், ஊசிப்போன குழம்புச்சோறு, பூசணம் பிடித்த ரொட்டி எதுவும் ஆகாது. தினம் காலை 7 மணி என்றால் 7 மணி. பத்து நிமிடத்தில் தின்று முடியாததை எடுத்துவிடுங்கள். இப்போது இரண்டு கிண்ணம் வைக்கிறீர்கள் என்றால் முதல் வாரம் ஒரு கிண்ணம், அடுத்த வாரம் அரைக் கிண்ணம் என்று இறக்குங்கள். திடீரென்று நிறுத்தினால் சன்னல் கம்பியில் வந்து நின்று உங்களைக் கேள்வி கேட்கும்.

பக்கத்து வீட்டு அக்காவின் காருக்கும் இதிலேயே வழி இருக்கிறது. எச்சம் அதிகம் விழுவது காகம் சாப்பிடுகிற இடத்தில் இல்லை, சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிற இடத்தில். அந்தக் காருக்கு நேர் மேலே கேபிள் ஒயரோ முருங்கைக் கிளையோ போகிறதா என்று பாருங்கள். நேரம் தெரியாமல் எப்போதாவது சோறு விழும் வீட்டில் காகங்கள் நாள் முழுக்க ஒயரில் உட்கார்ந்திருக்கும். நேரம் நிலைத்தால் காத்திருப்பும் குறையும். தட்டை வீட்டு மொட்டைமாடியிலிருந்து களத்தின் கடைக்கோடிக்கு மாற்றுங்கள். இடம் மாறியதைக் காகத்துக்குச் சொல்லித்தர வேண்டாம், நீங்கள் தட்டோடு நடந்தாலே பின்னால் வரும். காரில் காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் பெயின்ட் கீறும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். ஒருநாள் நீங்களே துடைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

தண்ணீருக்கு அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல். வாளி வைத்தால் சின்னப் பறவையும் குஞ்சும் மூழ்கும். காகம் காய்ந்த ரொட்டி, எலும்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து ஊறவைக்கும், ஒரே நாளில் தண்ணீர் கெடும். தினமும் நாரால் தேய்த்து மாற்றுங்கள்.

களத்தில் காக்காய் கொப்பரையைக் கொத்தாமல் இருக்கத் தளர்ந்த நைலான் வலை போடுவது கூடாது, காலும் சிறகும் சிக்கும். வலை போட்டால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, கொப்பரைக்கு அரை அடி மேலே விறைப்பாக நிற்க வேண்டும். செத்த காக்காயைக் கம்பத்தில் தொங்கவிடுவது பலன் தரும்தான், இறந்த காகம் கிடக்கும் இடத்தை மற்றவை கொஞ்ச நாள் ஒதுக்கும். ஆனால் அதைச் செய்யாதீர்கள், கீழே நோய் பற்றிச் சொல்வதைப் படித்தால் ஏன் என்று புரியும். களத்தில் எலி மருந்தும் வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைக் காகம் தின்னும்.

நோய்: சித்திரை, வைகாசி வெயிலில் காகம் வாயைப் பிளந்து, சிறகைத் தொங்கவிட்டு நிற்பது உடம்புச் சூட்டைத் தணிக்க. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இறகைச் சிலிர்த்துக் கண்ணை மூடி ஒரே இடத்தில் உட்கார்வது, கழுத்து திருகிக்கொள்வது, நிற்க முடியாமல் சாய்வது, இவைதான் நோய். 2021 சனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் கூட்டமாகச் செத்தன, பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. பல்லடமும் நாமக்கல்லும் கோழிப்பண்ணை பூமி என்பதால் நமக்கு இதில் அலட்சியம் கூடாது. ஒரே நாளில் இரண்டுக்கு மேல் காகம் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், உடனே புதைக்கவும் வேண்டாம். மாதிரி எடுக்க உடல் வேண்டியிருக்கும். குழந்தைகளையும் நாயையும் தள்ளி வைத்து, கூடையால் மூடிக் கல் வைத்துவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அந்தப் பக்கம் போட்ட செருப்போடு உங்கள் கோழிப்பட்டிக்குள் போகாதீர்கள், அன்றிலிருந்து சோறு வைப்பதையும் நிறுத்துங்கள்.

பயந்துபோயிருக்கும் பையனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குள் சன்னலோரம் ஒரே நாற்காலி, காலையில் 15 நிமிடம். கழுத்து சாம்பலாக இருந்தால் ஊர்க்காக்கை. முழுக்கக் கறுத்து, அலகு தடித்து, குரல் கரகரத்தால் அண்டங்காக்கை. எத்தனை வந்தது, எது முதலில் இறங்கியது, பொழுதோடு எந்தத் திசையில் அடையப் போகிறது என்று எழுதட்டும். அடையாளமும் கண்டுபிடிக்கட்டும்: விரல் இல்லாதது, இறகில் வெள்ளை படிந்தது, அலகு நுனி உடைந்தது. நூல் சுற்றியது ஏற்கனவே உங்களுக்குத் தெரியும். ஒரே இடத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து காகம் தாழ்ந்து தாழ்ந்து இடைவிடாமல் கத்தினால் அங்கே பூனை, பாம்பு, ஆந்தை, வைரி என்கிற வேட்டைப் பறவை எதுவோ இருக்கிறது. களத்து ஆட்களுக்கு அது உதவும். 2015-லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இதே 15 நிமிடப் பட்டியலை அங்கே சேர்க்கலாம். காக்காயை யாரும் எண்ணுவதில்லை என்பதாலேயே எண்ண வேண்டும்.

கடைசியாக வேப்பமரம். இப்போது கத்தி வைக்க வேண்டாம். ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு, மார்கழிக்குள், கூடு காலியாக இருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டு, நடைவழிக்கு நேர் மேலே நீள்கிற கவட்டைக் கிளையை மட்டும் கழித்துவிடுங்கள். ஒயருக்குப் பக்கத்துக் கிளை என்றால் மின்வாரிய ஆளை வைத்துத்தான் கழிக்க வேண்டும், கூட்டில் கம்பித் துண்டு இருக்கும். களத்துப் பக்கக் கிளைகளை விட்டுவையுங்கள். அடுத்த பங்குனியில் கூடு அந்தப் பக்கம் ஏறினால் பையன் குடை இல்லாமலே சைக்கிளை எடுப்பான்.